எட்டு மாடி முகம்

கை முழுக்க நெத்திலி மேடம். பேனா பிடிக்க முடியாது. உங்க சர்வே கேள்வியை நீங்களே கேட்டு நீங்களே அந்த டேப்லெட்டில் தட்டிக்கோங்க. கையெழுத்து வேணும்னா கடைசியில் கை கழுவிட்டுப் போடறேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. ஒரு கால் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், சுவர்ப் பக்கமா உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது. இந்த நடையில்தான் வெளிச்சம். வீட்டுக்குள்ளே பகலிலேயே லைட் போடணும்.

இது பெரிய வேலை இல்லை. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அரை கிலோவுக்கு எத்தனை மீன் என்று எண்ணக் கூடாது, எண்ணினால் வேலை ஓடாது. நான் பாட்டுக்குச் செய்துகொண்டே பதில் சொல்றேன். கையில் வேலை இல்லாவிட்டால் எனக்குப் பேச வராது. வேலை இருந்தாலும் அதிகம் வராது. எங்க வீட்டுக்காரர் டில்லிபாபு, இவளுக்கு ரீசார்ஜ் பண்றதே வீண் காசுன்னு சொல்வார்.

பேர் நிரோஷா. வயசு இருபத்து நாலு. ஏழாவது வரைக்கும். பிளாக் இருபத்தேழு, மூணாவது மாடி. ஒரு பெண் குழந்தை, தன்ஷிகா, ஒண்ணேகால் வயசு. உள்ளே என் நாத்தனார் பரிமளா அக்காகிட்ட இருக்கிறாள். ஆமாம் மேடம், வெளிச்சுவரில் இருக்கிறது நான்தான். கையில் இருக்கிறது தன்ஷிகா. எல்லாரும் முதலில் சுவரைப் பார்ப்பாங்க, அப்புறம் என்னைப் பார்ப்பாங்க, அப்புறம் மறுபடியும் சுவரைப் பார்ப்பாங்க. நீங்களும் பார்த்தீங்க. பரவாயில்லை.

கேள்வி என்ன? இந்த ஓவியத்தால் உங்கள் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம். ஒண்ணிலிருந்து அஞ்சு வரை. அஞ்சுன்னா ரொம்ப மாற்றமா? அப்போ அஞ்சு போடுங்க.

ஏன் என்றும் கேட்டிருக்கா? எவ்வளவு இடம் விட்டிருக்கு? ரெண்டு வரியா. ரெண்டு வரியில் எப்படிச் சொல்றது. நான் சொல்றேன், நீங்க சுருக்கிக்கோங்க.

நாங்க முன்னே கூவம் ஓரம், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். என்னைக் கட்டிக்கொடுத்ததே அங்கேதான். மூணு வருஷத்துக்கு முன்னே கதவில் பெயிண்ட்டால் நம்பர் போட்டாங்க. பிறகு லாரி கொடுத்தாங்க, ரெண்டு வீட்டுக்கு ஒரு லாரி. இங்கே கொண்டுவந்து பொன்விழா நகர்னு இறக்கி விட்டாங்க. நல்ல வீடுதான் மேடம். சிமென்ட் வீடு, கக்கூஸ் உள்ளேயே, குழாய் உள்ளேயே. குறை சொல்லக் கூடாது. குழாயில் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வரும், அதுவும் சொல்லி வைத்த மாதிரி வரும்.

வேலைதான் இல்லை. அங்கே இருந்தவரை எழும்பூரில் ரெண்டு வீடு பார்த்தேன், நடந்தே போய்விடுவேன். இங்கேயிருந்து போக ரெண்டு பஸ். சரி, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஆபீஸ் ரோட்டில் பெரிய பெரிய அடுக்குமாடி இருக்கிறதே, அங்கே கேட்போம் என்று போனேன். முதல் இடத்தில் வாட்ச்மேன், "எங்கேருந்து வரே?" என்றார். பொன்விழா நகர் என்றேன். இன்டர்காமில் யார்கிட்டேயோ, "மேடம், ஆள் வந்திருக்கு, பொன்விழா நகராம்" என்று சொன்னார். போனை வைத்துவிட்டு, "ஆள் எடுத்துட்டாங்களாம்மா" என்றார். வேலைக்கு ஆள் தேவை என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க ஏழாவது போதும்.

ரெண்டாவது இடத்திலும் அப்படித்தான். மூணாவது இடத்தில் அந்தம்மா நல்ல மாதிரி. கதவைத் திறந்து நேராகச் சொன்னாங்க: "தப்பா எடுத்துக்காதேம்மா. அந்த ஏரியான்னா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவங்கதான் என்ன செய்வாங்க.

பேர் கெட்டுப்போச்சு மேடம், அதுதான் விஷயம். எங்கேயாவது செயின் அறுத்தால் பொன்விழா நகர் வாலிபர் கைதுன்னு பேப்பரில் போட்டுடுவாங்க. வேளச்சேரியில் திருடினவனை வேளச்சேரி வாலிபர்னா போடறாங்க. ஆனால் ஒண்ணு சொல்லணும், அதெல்லாம் இந்த பிளாக் கிடையாது. அது முப்பத்தொண்ணாம் பிளாக். அங்கே இருக்கிறவங்க ரயில் பாதை ஓரத்திலிருந்து வந்தவங்க. நாங்க ஆத்தோரம். எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. தன்ஷிகாவை அந்தப் பக்கம் நான் கொண்டு போனதே கிடையாது. நான் அவங்க யாரையும் பார்த்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

நாலாவது இடம்தான் சௌம்யா மேடம் வீடு. தன்ஷிகாவுக்கு அப்போ எட்டு மாசம். அவங்க குழந்தை ஆரவ்வுக்குப் பத்து மாசம். குழந்தை பார்த்துக்கிற வேலை. தன்ஷிகாவைப் பரிமளா அக்காகிட்ட விட்டுவிட்டு ஆரவ்வைப் பார்த்துக்கப் போனேன். அந்த மேடம் எந்த ஏரியான்னு கேட்கவே இல்லை. ஆதார் இருக்கான்னுதான் கேட்டாங்க. கொடுத்தேன். அதில் பழைய விலாசம். அந்த வீட்டை இடித்து, அந்த இடத்தில் வேலி போட்டு, அரளிச் செடி வைத்துவிட்டார்கள். மேடம் கார்டைப் படித்துப் பார்த்து, "சிந்தாதிரிப்பேட்டையா, நல்ல சென்டரான இடம்" என்றாங்க. அடுத்த நாள் கேட் பாஸ் வந்துவிட்டது. இருக்கிற வீட்டுக்குத்தான் எல்லாரும் யோசிச்சாங்க. இல்லாத வீட்டுக்கு யாரும் ஒண்ணும் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லை மேடம். அவங்க படிச்சாங்க, நான் சும்மா நின்றேன்.

பொய் எல்லாம் பிறகுதான். "அவ்வளவு தூரத்திலிருந்தா வரே, ரெண்டு பஸ்ஸா?" என்று கேட்டாங்க. ஆமாம் மேடம் என்றேன். பாவம் என்று காலையில் போனதும் ஒரு டம்ளர் காபி கொடுப்பாங்க. இங்கேயிருந்து அவங்க வீடு நடந்தால் இருபது நிமிஷம். ஏறாத ரெண்டு பஸ்ஸுக்கு நான் தினமும் காபி குடித்தேன். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல காபி.

மழை வந்தால்தான் கஷ்டம். "உங்க பக்கம் மழையா?" என்று கேட்பாங்க. டில்லிபாபு லோடு வண்டி ஓட்டுகிறார், சென்ட்ரல் பக்கம்தான் காலையில் இருப்பார். கிளம்புகிறதுக்கு முன்னே அவருக்குப் போன் போட்டு, அங்கே மழையா என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். "ஏன், இங்கே துணி காயப் போட்டிருக்கியா?" என்பார். ஒரு நாள் மேடம், "இன்னிக்கு உங்க பக்கம் ஏதோ ஊர்வலமாமே, ரோடெல்லாம் மறிச்சுட்டாங்களாமே, எப்படி வந்தே?" என்றாங்க. சுத்தி வந்தேன் மேடம் என்றேன். அன்னிக்குக் காபியோடு ரெண்டு இட்லியும் கொடுத்தாங்க.

இப்படி மூணு மாசம் ஒழுங்காகத்தான் போனது. அப்போதான் இந்தப் படம் போடறவங்க வந்தாங்க. உங்க ஆபீஸ்காரங்கதான். நீங்க அப்போ இல்லை, எனக்கு முகம் ஞாபகம் இருக்கும். இந்த ஊரைப் பத்தி ஜனங்க நினைப்பதை மாத்தப் போறோம் என்று சொன்னாங்க. வெள்ளைக்காரர் ஒருத்தர், ஆறடிக்கு மேலே, வெயிலில் சிவந்துபோய் இருந்தார். எட்டு மாடி உயரத்துக்கு ஒரு அம்மா படம் வரையணும், அதுக்கு ஒரு முகம் வேணுமாம். இருபது பொம்பளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். கீழ் வீட்டு ஷகிலா அக்கா பியூட்டி பார்லர் போய் புருவம் எடுத்துவிட்டு வந்து நின்றாங்க. நான் நைட்டி மேலே துண்டு போட்டுக்கொண்டு, தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கேமராவைத் திருப்பினதும் துண்டால் பாதி முகத்தை மூடினேன். அவ்வளவுதான், அந்த முகம்தான் வேணும் என்று சொல்லிவிட்டார்.

கூட வந்த பொண்ணு தமிழில் சொன்னாள்: "அக்கா, உங்க முகத்துல இந்த நகரத்தோட வலியும் நம்பிக்கையும் தெரியுதுன்னு சார் சொல்றாரு." எனக்கு அன்னிக்குக் கடைவாய்ப் பல் வலி. நம்பிக்கை எங்கே தெரிந்தது என்று கேட்கலாம்னு நினைத்தேன், கேட்கவில்லை.

வேணாம்னு சொல்லியிருக்கலாம். பரிமளா அக்கா இப்பவும் அதைத்தான் சொல்வாங்க. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேணாம்னு சொல்ல எனக்கு வராது. தலையாட்ட வரும். ஒரு பேப்பரில் கையெழுத்தும் வாங்கினாங்க. ஒரே ஒரு தைரியம், அந்த அடுக்குமாடி ஜனங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க. சுவரில் என்ன இருந்தால் என்ன.

நல்லா போட்டோ எடுக்கணும் என்று அந்தப் பொண்ணு ஒரு காரியம் செய்தாள். தன்ஷிகாவுக்குப் பிறந்த மூணாம் நாளிலிருந்து இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். ஒரு நாளும் விட்டதில்லை. அவள் பையிலிருந்து ஈர டிஷ்யூ எடுத்து, "ஏதோ கறை இருக்கு அக்கா" என்று துடைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பரிமளா அக்கா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

பத்தொன்பது நாள் வரைந்தார். எனக்குப் பட்டுப்புடவை கட்டி விட்டார். எங்கிட்டே பட்டுப்புடவை கிடையாது. தன்ஷிகா கையில் ஒரு குட்டி வீடு கொடுத்தார், ஓடு போட்ட வீடு. எங்க வம்சத்தில் யாரும் ஓட்டு வீட்டில் இருந்ததில்லை. சுவரில் இறங்குகிற கக்கூஸ் பைப்பை என் ஜடையாக்கிவிட்டார். நல்ல யோசனைதான், நேராக இருந்தது. அஞ்சாம் மாடியில் பைப் விரிசல் விட்டிருக்கிறது, அதனால் இப்போ ஜடை ஒழுகுது. நாங்க எழுதிக் கொடுத்தோம். ஓவியத்தில் கை வைக்கக் கூடாதாம், அதனால் பிளம்பர் வரவில்லை.

திறப்பு விழாவுக்குப் பெரிய ஆளுங்க எல்லாம் வந்தாங்க. படம் இருக்கிற பக்கம் மட்டும் சாக்கடை அள்ளினாங்க. அன்னிக்கு லிஃப்ட் ஓடியது. எட்டாம் மாடிக் கிழவர் ஒருத்தர் ஒரு வருஷம் கழித்து அன்னிக்குத்தான் கீழே வந்தார். விழா முடிந்து அவர் மேலே போகிறதுக்குள் லிஃப்ட்டை நிறுத்திவிட்டாங்க. அவர் மகன் வீட்டில் போய் இருந்தார், நல்லபடியாக இருந்தார். விழாவோடு ஒரு முகாமும் போட்டு எல்லாருக்கும் ஆதாரில் இந்த விலாசத்தை மாத்திக் கொடுத்தாங்க. நானும் வரிசையில் நின்று மாத்திக்கொண்டேன். எல்லாரும் நின்றாங்க, நானும் நின்றேன்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனால் கார் வர ஆரம்பித்தது. படத்துக்கு முன்னே நின்று செல்ஃபி எடுப்பாங்க. வரமாட்டாங்கன்னு நினைத்தவங்கதான் வந்தாங்க.

ஒரு திங்கக்கிழமை நான் ஆரவ்வுக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருக்கேன். சௌம்யா மேடம் போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. "நிரோஷா, நேத்து எங்கே போனோம் தெரியுமா? பொன்விழா நகர். சுவர்ல எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க, பாரேன்." பார்த்தேன். மேடமும் சாரும் என் கழுத்துக்குக் கீழே நின்று சிரிச்சுக்கொண்டிருந்தாங்க. மேடம் ரெண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி என் கண்ணைக் காட்டினாங்க. "இந்தக் கண்ணைப் பாரு. என்ன ஒரு அமைதி. இதெல்லாம் கற்பனையா வரைய முடியாது, எங்கேயோ இப்படி ஒரு பொம்பளை இருக்கணும்."

"நல்லா இருக்கு மேடம்" என்றேன். ஏதாவது கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று, "அந்த ஏரியாவுக்கா போனீங்க, பயமா இல்லையா?" என்றும் கேட்டேன்.

"கார் கதவை லாக் பண்ணிட்டுத்தான் போனோம். படத்துக்கிட்ட மட்டும் இறங்கிட்டு ஏறிட்டோம்" என்றாங்க.

அது நல்லதுதான் மேடம் என்றேன். ஆரவ் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். ஊட்டினேன்.

அந்த வாரமே தன்ஷிகாவுக்குக் காய்ச்சல். மூணு நாள் இறங்கவில்லை. பரிமளா அக்கா உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டாங்க, கேட்கவில்லை. "கேட்குமா, நாம வீட்டுல இருக்கிற குழந்தைக்குச் சுத்துறோம். ஊரு பார்க்குறது சுவத்துல இருக்கிற குழந்தையை. கார்ல வந்து வந்து பார்க்குறானுங்க. கன்னத்துல ஒரு பொட்டு உண்டா அதுக்கு? துடைச்சுட்டாளே அந்தப் பொண்ணு" என்றாங்க. பிளாக் பூரா அதைச் சரின்னுதான் சொன்னது. எட்டு மாடிக் குழந்தைக்கு எப்படிச் சுத்திப் போடறது, பூசணிக்காய் தூக்கி வீச முடியுமா. அப்போ பொட்டு வைக்க வேண்டியதுதான் என்று முடிவாச்சு.

நாலாம் மாடியில் குப்புராஜ் அண்ணன் இருக்கிறார். கயிற்றில் தொங்கி அடுக்குமாடிகளுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவர். அவருக்கு அந்த வெள்ளைக்காரர் மேல் ஒரு வருத்தம் உண்டு. "பத்தொன்பது நாளா ஒரு செவுரு. எங்கிட்ட விட்டிருந்தா ரெண்டு கோட்டு, மூணு நாளு" என்பார். காலையில் ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கினார். பெயிண்ட் டிரம் மூடியைச் சுவரில் வைத்து ஒரு கோடு போட்டு, உள்ளே கறுப்பு அடித்தார். சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு பொட்டு. கீழே நின்றவங்க எல்லாம் ஒரு யோசனை சொன்னாங்க. "இன்னும் கொஞ்சம் காதுப் பக்கம் அண்ணே." "நெத்திக்கும் ஒண்ணு வெச்சுடுங்க." "அம்மாவுக்கும் ஒண்ணு வைக்கலாமே, அதுவும் வயசுப் பொண்ணுதானே." அவர் மேலேயிருந்தே, "ஒரு ஆளு சொல்லுங்கடா, இது என்ன கல்யாண வீடா" என்று கத்தினார். ஒண்ணே ஒண்ணுதான் வைத்தார். கோணல் இல்லாமல் வைத்தார்.

அன்னிக்குச் சாயந்திரம் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ரெண்டும்தான்.

மறுநாள் உங்க ஆபீஸ் சார் வந்து பார்த்து, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதுக்கு மறுநாள் பேப்பரில், நகரின் அழகைச் சிதைத்த மர்ம நபர்கள் என்று வந்தது. குப்புராஜ் அண்ணன் பொண்டாட்டி அதைப் படித்துவிட்டுச் சிரிச்சாங்க. "மர்ம நபராம். குறட்டை விட்டா மூணு பிளாக்குக்குக் கேக்குது, இதுல மர்மம்." மத்தியானம் போலீஸ் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கயிறையும் எடுத்துக்கொண்டு போனாங்க. அந்தக் கயிறு இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இல்லை.

கீழே கூட்டம். உங்க சார் இருக்கிறார், பேப்பர்காரங்க ரெண்டு பேர் இருக்கிறாங்க. கல்வி இல்லாததுதான் காரணம்னு யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார். குப்புராஜ் அண்ணன் பொண்டாட்டி என்னையே பார்த்தாங்க. டில்லிபாபு லோடுக்குப் போயிருந்தார். தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு முன்னாலே போய், "அது என் குழந்தை சார். நான்தான் வைக்கச் சொன்னேன். பொட்டு வைக்காம எந்தக் குழந்தையையும் நாங்க வெளியே கொண்டு வரமாட்டோம். நீங்க கொண்டு வந்துட்டீங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் கல்யாணத்தில் கூட நான் அவ்வளவு நீளமாகப் பேசினதில்லை.

பேப்பர்காரர் பேர் என்ன, எந்த பிளாக் என்று கேட்டார். கேட்டால் சொல்லணுமே, சொன்னேன். படத்துக்குக் கீழே நிற்கச் சொன்னார். துண்டை எடுத்துடுங்கம்மா, முகம் தெரியட்டும் என்றார். எடுத்தேன்.

குப்புராஜ் அண்ணனை சாயந்திரமே விட்டுவிட்டாங்க. கயிறையும் கொடுத்தாங்க. உங்க சாரும் நல்லவர், இனிமேல் அந்தப் பொட்டு ஓவியத்தின் ஒரு பகுதி என்று பேப்பர்காரர்கிட்டே சொன்னார். அது நல்ல செய்தியாக வந்தது. பொட்டு வைத்த தாய் என்று. மேலே எட்டு மாடி முகம், கீழே நான், பக்கத்தில் பேர், பிளாக் நம்பர், பொன்விழா நகர்.

சௌம்யா மேடம் பேப்பர் படிக்கிறவங்க இல்லை. அவங்க அடுக்குமாடி வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருக்காங்க.

நான் போனதும் போனைக் காட்டி, "நிரோஷா, இது நீயா?" என்றாங்க.

"மேலேயா கீழேயா மேடம்?"

"ரெண்டும் நீதானா?"

"ஆமாம் மேடம்."

அன்னிக்குக் காபி போட்டிருந்தாங்க, மேடை மேலே இருந்தது. நானும் எடுக்கவில்லை, அவங்களும் கொடுக்கவில்லை. "அந்த ஏரியாங்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லை நிரோஷா. நான் அப்படிப்பட்டவ இல்லை. நீ பொய் சொன்னதுதான் பிரச்சினை. குழந்தையை விட்டுட்டுப் போறேன், நம்பிக்கைதானே முக்கியம்" என்றாங்க. சரிதான் மேடம் என்றேன். சரிதானே? நம்பிக்கை இல்லாத இடத்தில் குழந்தையை எப்படி விடுவாங்க. அவங்க கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். ஆரவ்வைக் கையில் வாங்கிக்கொண்டு, அவன் காப்பு ரெண்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாங்க. பெத்தவங்களுக்கு அப்படித் தொட்டுப் பார்க்கத் தோணும், நானும் தன்ஷிகா கொலுசைத் தொட்டுப் பார்ப்பேன். இவனுக்குப் பன்னெண்டு மணிக்கு ரசம் சாதம், நெய் கொஞ்சமாக விடணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட் பாஸை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். அவரும் பேப்பரைப் பார்த்திருக்கிறார். "போட்டோவுல நல்லா இருந்தீங்கம்மா" என்றார்.

அது ஆச்சு மேடம், ரெண்டு மாசம். எந்தக் கேட்டுக்குப் போனாலும் இப்போ பொன்விழா நகர்னு சொல்லவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே சொல்லிடறாங்க. டில்லிபாபுவுக்கு லோடு சரியாக இல்லை, வண்டிக்காரர் வாரத்தில் மூணு நாள்தான் கூப்பிடறார். இந்த மாசமும் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் பரிமளா அக்கா வேலைக்குப் போகணும். அவங்களுக்கு ஏற்கெனவே மூட்டு வலி. மூணு மாடி ஏறி இறங்கணும்.

ஆனால் ஒரு வழி வந்திருக்கிறது. இங்கேயிருந்து நாலு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு டாக்டரம்மா. இரட்டைக் குழந்தை, ரெண்டு மாசம்தான் ஆச்சு. பழைய எழும்பூர் வீட்டுக்காரங்க என்னைப் பத்தி நல்லா சொல்லியிருக்காங்க. பேப்பர், வாட்ஸ்அப் எதையும் பார்க்கிற நிலைமையில் அந்த டாக்டரம்மா இல்லை, ராத்திரி தூக்கமே இல்லையாம். நேத்து போனில் பேசினாங்க. குழந்தையை எப்படித் தூக்குவே, எப்படி ஏப்பம் விட வைப்பேன்னு எல்லாம் கேட்டாங்க, நான் சொன்னேன். குழந்தைங்களைப் பத்தின்னா எனக்குப் பேச வரும். "உன் குரலே நல்லா இருக்கு, பயமில்லாம விடலாம் போல" என்றாங்க. கடைசியில், "வீடு எங்கேம்மா?" என்று கேட்டாங்க.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன் மேடம்னு சொல்லிட்டேன்.

சிரிக்காதீங்க. வாயில் வேறே ஒண்ணும் வரவில்லை. டில்லிபாபுகிட்டே சொன்னதுக்கு அவரும் இப்படித்தான் சிரித்தார். பாவம், அந்த டாக்டரம்மா தூக்கக் கலக்கத்தில், சரி, பதினோரு மணிக்குப் போன் பண்றேன், கேட்டு வைன்னு சொல்லிவிட்டாங்க. இப்போ மணி என்ன? அஞ்சு நிமிஷம் இருக்கா.

உண்மையைச் சொல்லிடலாம் என்றுதான் இருக்கேன். ராத்திரி பூரா அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். பொன்விழா நகர் மேடம், பிளாக் இருபத்தேழு. சொல்ல வருது. பரிமளா அக்காதான், "முதல்ல உள்ளே போயிடு, குழந்தைங்க உன்கிட்டே ஒட்டிக்கட்டும், அப்புறம் ஆதாரைக் காட்டினா அவங்களாலே விட முடியாது" என்று சொல்றாங்க. பழைய விலாசத்தைச் சொல்லலாம்னா, கார்டில் அது இப்போ இல்லை, எனக்கும் அந்த மழை, ஊர்வலம் எல்லாம் விசாரிச்சுச் சொல்ல இனிமேல் முடியாது. பக்கமாக, நல்லதாக ஒரு இடம் இருந்தால்.

சரி, அடுத்த கேள்வி கேளுங்க. ஓவியத்துக்குப் பிறகு உங்கள் பகுதியைப் பற்றி வெளியில் உள்ளவர்களின் எண்ணம் மாறியிருக்கிறதா? மாறியிருக்கு மேடம். முன்னே யாரும் வந்து பார்க்கமாட்டாங்க, இப்போ வந்து பார்த்துட்டுப் போறாங்க. அஞ்சு போடுங்க.

நீங்க எங்கே இருக்கீங்க மேடம்? வேளச்சேரியா. நான் அப்போ வேளச்சேரித் திருடன்னு சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு, மனசில் வைக்காதீங்க. அது நல்ல ஏரியா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சொந்த வீடா? அம்மாவும் வேலைக்குப் போறாங்களா. அப்போ வீட்டு வேலைக்கு ஆள் வெச்சிருப்பீங்க. அவங்க எந்தப் பக்கத்திலிருந்து வராங்க?

தெரியாதா. சும்மாதான் கேட்டேன். அதை எழுத வேணாம்.

உண்மையைச் சொல்லிடறதுதான் நல்லதுன்னு நீங்களும் சொல்றீங்க. சரிங்க மேடம். படிச்சவங்க நீங்க சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கும் அதுதான் தோணுது. கேட்டதும் ஒரே மூச்சில் சொல்லிடணும், நடுவிலே யோசிச்சா வராது. எங்க வீடு வந்து மேடம், பொன்

"நிரோ, போன். அந்த டாக்டரம்மா. வீடு எங்கேன்னு கேக்குறாங்க, நான் என்னத்தச் சொல்ல?"

வந்துட்டேன் பரிமளாக்கா, ஒரு நிமிஷம் லைன்ல இருக்கச் சொல்லுங்க. நீங்க உட்காருங்க மேடம், பூனை வந்தால் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க. மேடம், வேளச்சேரியில் உங்க வீடு எந்தத் தெரு, பஸ்ஸை விட்டு இறங்கினதும் எந்தப் பக்கமா